கப்பல் டூர்ல ‘இன்சைடு கேபின்’ லாபமா? ஜன்னல் இல்லாத அறையும், விளம்பரத்தில் இல்லாத பில்லும்!

‘4 நாள் சொகுசுக் கப்பல் பயணம்... மூன்று வேளை சாப்பாடு இலவசம்... ஒருவருக்கு இவ்வளவு ரூபாய் முதல்!’ கோடை விடுமுறை நெருங்கினாலே மொபைலில் வரிசைகட்டும் விளம்பரங்களில் இதுவும் ஒன்று. அந்த வரியிலேயே முக்கியமான சொல், கடைசியில் சின்ன எழுத்தில் நிற்கும் ‘முதல்’. அந்த விலைக்குக் கிடைக்கும் அறைக்குப் பெரும்பாலும் ஜன்னல் இருக்காது. அதன் பெயர்தான் இன்சைடு கேபின்.

கப்பல் பயணம் என்பது பணக்காரர்கள் விஷயம் என்ற நிலை மாறிக்கொண்டு வருகிறது. சென்னைத் துறைமுகத்தில் இருந்து ‘எம்பிரஸ்’ சொகுசுக் கப்பல் பயணத்தை 2022 ஜூன் 4-ம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டு ஜூன் 5-ம் தேதி அதே கப்பல் இங்கிருந்து இலங்கைக்குப் புறப்பட்டு, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை போனது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு ‘க்ரூஸ் பாரத் மிஷன்’ திட்டத்தை அறிவித்தது. 2025 செப்டம்பரில் மும்பையில் புதிய சர்வதேசப் பயணிகள் கப்பல் முனையம் திறக்கப்பட்டது. இன்னொரு பக்கம், சென்னையில் இருந்து நான்கு மணி நேர விமானப் பயண தூரத்தில் இருக்கும் சிங்கப்பூரில் இருந்து பெரிய பெரிய கப்பல்கள் கிளம்புகின்றன.

முதல்முறை கப்பல் ஏறப்போகும் நடுத்தரக் குடும்பத்தின் கண்ணில் முதலில் படுவது இந்த இன்சைடு கேபின் விலைதான். அதை நம்பி புக் செய்யலாமா? அப்பா அம்மாவை அதில் தங்க வைக்கலாமா? மிச்சம் பிடித்த காசு உண்மையிலேயே மிச்சமாகுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இன்சைடு கேபின் என்றால் என்ன?

கப்பலில் அறைகள் பொதுவாக நான்கு வகை. கப்பலின் நடுப்பகுதியில், வெளிச்சுவரைத் தொடாமல் இருப்பது இன்சைடு. வெளிச்சுவரை ஒட்டி, கண்ணாடி ஜன்னலோடு இருப்பது ஓஷன் வியூ. கதவைத் திறந்து வெளியே போய் நிற்க இடம் இருந்தால் பால்கனி. அதற்கு மேல் ஸ்வீட்.

இன்சைடு அறையின் பரப்பு கப்பலுக்குக் கப்பல் மாறும். புதிய பெரிய கப்பல்களில் ஏறத்தாழ 150 சதுர அடி. சில கம்பெனிகளின் கப்பல்களில் 185 சதுர அடி வரை உண்டு. பழைய கப்பல்களில் இன்னும் குறையும். 150 சதுர அடி என்றால் நம்ம ஊர் அடுக்குமாடி வீட்டில் 10 அடிக்கு 15 அடி இருக்கும் ஒரு பெட்ரூம். அதற்குள்ளேயே கட்டில், அலமாரி, சின்ன மேஜை, டிவி, பாத்ரூம் எல்லாம் அடங்கிவிட வேண்டும். பாத்ரூமில் ஷவர் நிற்கும் இடம் ஒரு ஆள் திரும்பும் அளவுக்குத்தான்.

மூன்றாவது, நான்காவது ஆளுக்கு சுவரில் இருந்தோ கூரையில் இருந்தோ மடித்து இறக்கும் பெர்த் இருக்கும். ரயிலில் அப்பர் பெர்த் ஏறிப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. ஆனா நாலு பேரும், நாலு பேர் பெட்டியும் ஒரே அறையில் என்றால், ஒருவர் நடக்கும்போது மற்றவர்கள் கட்டிலில் ஏறி உட்கார வேண்டியதுதான்.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஓஷன் வியூ அறையில் ஜன்னல் இருக்கும், ஆனால் அதைத் திறக்க முடியாது. வெளிச்சம் வரும், காற்று வராது. கடல் காற்று வேண்டும் என்றால் பால்கனி எடுத்தால்தான் உண்டு. காற்று விஷயத்தில் இன்சைடும் ஓஷன் வியூவும் ஒன்றுதான், இரண்டுமே முழுக்க ஏசி.

ஏன் இவ்வளவு குறைந்த விலை?

காரணம் கப்பலின் உடம்பிலேயே இருக்கிறது. கப்பல் அகலமாக ஆக ஆக, வெளிச்சுவரைத் தொட முடியாத நடுப்பகுதியும் கூடிக்கொண்டே போகும். அந்த இடத்தைச் சும்மா விட முடியாது. லிஃப்ட், படிக்கட்டு, சமையலறை போக மீதி இடத்தில் அறைகள் போடுகிறார்கள். அதுதான் இன்சைடு.

இதைத் தவிர்க்க முயற்சி செய்தவர்களும் உண்டு. 1984-ல் வந்த ‘ராயல் பிரின்சஸ்’ கப்பலில் எல்லா அறைகளும் வெளிப்பக்கம் பார்த்தே கட்டப்பட்டன. 1990-களின் இறுதியில் இருந்து பால்கனி அறைகள் வேகமாகப் பெருகின. 2009-ல் வந்த ‘ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்’ கப்பலின் நடுவில் பிளவு விட்டு, திறந்தவெளிப் பூங்கா அமைத்து, அதைப் பார்த்தபடி உள்பக்க பால்கனிகளே வைத்துவிட்டார்கள். ஆனாலும் இன்சைடு கேபின் ஒழியவில்லை. விளம்பரத்தில் ‘முதல்’ போட ஒரு விலை வேண்டுமே!

சென்னைவாசிகளுக்குப் பழக்கமான ‘எம்பிரஸ்’ இதற்கு நல்ல உதாரணம். அது பிரான்சில் கட்டப்பட்டு 1990-ல் ‘நார்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் கடலுக்கு வந்த கப்பல். பால்கனி மோகம் வருவதற்கு முந்தைய காலத்தின் கப்பல் என்பதால், அதில் பெரும்பாலான அறைகள் இன்சைடும் ஓஷன் வியூவும்தான். புதிய கப்பலின் படங்களை யூடியூபில் பார்த்துவிட்டு பழைய கப்பலில் ஏறினால் ஏமாற்றம் வருவது இதனால்தான்.

ஜன்னல் இல்லாத குறையைத் தொழில்நுட்பத்தால் சரிக்கட்டவும் பார்க்கிறார்கள். 2011-ல் வந்த ‘டிஸ்னி ட்ரீம்’ கப்பலின் இன்சைடு அறைகளில் வட்ட ஜன்னல் வடிவில் ஒரு திரை. வெளியே இருக்கும் கேமரா காட்டும் கடல் அதில் நேரலையாக ஓடும். 2014-ல் ‘நேவிகேட்டர் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் தரையில் இருந்து கூரை வரை உயரும் திரையை வைத்து ‘விர்ச்சுவல் பால்கனி’ என்று பெயர் சூட்டினார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அதற்கும் சேர்த்து விலை கொஞ்சம் ஏறும்.

அப்போ கம்பெனிக்கு லாபம் எங்கே?

விமானத்தில் இருக்கை காலியாகப் போனால் டிக்கெட் பணம் மட்டும்தான் நஷ்டம். கப்பலில் ஒரு அறை காலியாகப் போனால் டிக்கெட்டோடு சேர்த்து, அந்தப் பயணி உள்ளே செய்திருக்கக்கூடிய செலவும் நஷ்டம். அதனால்தான் கடைசி அறை வரை நிரப்பிவிட கம்பெனிகள் துடிக்கின்றன. விலையைக் குறைத்தாவது ஆளை ஏற்றிவிட வேண்டும். ஏறிய பிறகு மது, காபி, வைஃபை, ஸ்பா, கேசினோ, போட்டோ, கரைச் சுற்றுலா என்று வசூல் தனியாக நடக்கும்.

இது யூகம் இல்லை, கணக்கிலேயே இருக்கிறது. உலகின் மிகப்பெரிய க்ரூஸ் நிறுவனமான கார்னிவல் கார்ப்பரேஷனின் 2024-ம் ஆண்டு மொத்த வருவாய் சுமார் 2,500 கோடி டாலர். அதில் டிக்கெட் விற்று வந்தது சுமார் 1,650 கோடி டாலர். மீதி சுமார் 850 கோடி டாலர், கப்பலுக்குள் பயணிகள் செய்த செலவு உள்ளிட்ட பிற வகைகளில் வந்தது. அதாவது கம்பெனி சம்பாதிக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் ஏறத்தாழ 34 ரூபாய் டிக்கெட்டுக்கு வெளியே வருகிறது.

இப்போ இன்சைடு கேபினை இந்தக் கண்ணோடு பாருங்கள். சின்ன அறை, வெளிச்சம் இல்லை, உள்ளே உட்கார்ந்து பார்க்க ஒன்றும் இல்லை. தூங்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் பயணி வெளியேதான் சுற்றுவார். வெளியே திரும்பிய பக்கமெல்லாம் கடை. பால்கனி அறைக்காரர் காலையில் ஒரு கப் டீயோடு கடலைப் பார்த்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுவார். இன்சைடுக்காரர் அந்த ஒரு மணி நேரத்தில் காபி ஷாப்பில் கார்டைத் தேய்த்திருப்பார். குறைந்த விலை அறையில் பிடித்த மிச்சம் கரைவது இப்படித்தான்.

கணக்கு போட்டுப் பார்க்கலாமா?

கீழே இருப்பவை எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்ட எண்கள் மட்டுமே. சிங்கப்பூரில் இருந்து 4 இரவு பயணம், கணவன் மனைவி இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம்.

இன்சைடு அறை ஒருவருக்கு 35,000 ரூபாய். இரண்டு பேருக்கு 70,000. பால்கனி அறை ஒருவருக்கு 52,500. இரண்டு பேருக்கு 1,05,000. விளம்பரப்படி பார்த்தால் பால்கனி 50 சதவீதம் அதிகம். ‘அம்மாடியோவ்’ என்று இன்சைடு பக்கம் போய்விடுவோம்.

இனி விளம்பரத்தில் இல்லாத செலவுகள்:

• துறைமுகக் கட்டணம், வரிகள்: இரண்டு பேருக்கு 16,000
• டிப்ஸ் எனும் சேவைக் கட்டணம்: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 1,500 வீதம் 12,000
• வைஃபை: 6,000
• ஒரு ஊரில் இறங்கிச் சுற்றிப் பார்க்க: 10,000

மொத்தம் 44,000 ரூபாய். இதில் முக்கியமான சங்கதி, இந்த 44,000 இன்சைடுக்கும் பால்கனிக்கும் ஒன்றுதான். சின்ன அறை என்பதற்காகத் துறைமுகம் கட்டணத்தைக் குறைக்காது. டிப்ஸும் பல கம்பெனிகளில் ஸ்வீட் தவிர மற்ற எல்லா அறைக்கும் ஒரே தொகைதான்.

ஆக இன்சைடு 1,14,000. பால்கனி 1,49,000. வித்தியாசம் 50-ல் இருந்து சுமார் 31 சதவீதமாகக் குறைந்துவிட்டது. விமான டிக்கெட்டும் விசாவும் சேர்த்து இரண்டு பேருக்கு 60,000 என்று கூட்டினால், இன்சைடு 1,74,000, பால்கனி 2,09,000. வித்தியாசம் 20 சதவீதம்தான்.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். ‘வாழ்க்கையில் ஒருமுறை போகிறோம், 20 சதவீதம் போட்டுப் பால்கனி எடுத்துடலாம்’ என்பது ஒன்று. ‘35,000 ரூபாய் மிச்சம் என்றால் பையனையும் கூட்டிக்கொண்டு போகலாமே’ என்பது இன்னொன்று. இரண்டும் சரியான முடிவுதான். விளம்பரத்தில் இருக்கும் 70,000 ரூபாயை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கிளம்புவதுதான் தவறு. அந்த 70,000-க்கு மேல் 63 சதவீதம் கப்பல் பயணத்துக்கே தேவைப்படுகிறது.

தனியாகப் போகிறவர்களுக்கு கணக்கு வேறு. விலை எப்போதும் ‘ஒரு அறையில் இரண்டு பேர்’ என்ற அடிப்படையில்தான் போடப்படுகிறது. ஒருவர் மட்டும் தங்கினால், பல நேரம் இரண்டு பேர் காசையும் அவரே கட்ட வேண்டி வரும். அப்போது இன்சைடு அறைதான் அடியைக் குறைக்கும். 2010-ல் வந்த ‘நார்வீஜியன் எபிக்’ கப்பலில் தனிப்பயணிகளுக்கென்றே 100 சதுர அடியில் 128 சின்ன அறைகள் வைத்தார்கள். எல்லாக் கம்பெனியிலும் இந்த வசதி கிடையாது.

உள்ளே தங்கினால் எப்படி இருக்கும்?

முதலில் இருட்டு. லைட்டை அணைத்தால் கையை முகத்துக்கு முன்னால் நீட்டினாலும் தெரியாது. நல்ல தூக்கம் வரும் என்று இதற்காகவே இன்சைடு கேட்டு வாங்குபவர்கள் உண்டு. இரவு ஷிப்டு வேலை பார்த்துப் பழகியவர்களுக்கு இது சொர்க்கம்.

அதே இருட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. விடிந்ததே தெரியாது. உடம்பு நேரத்தைக் கணக்கிடுவது வெளிச்சத்தை வைத்து. அது கிடைக்காதபோது காலை 9 மணியும் நள்ளிரவு 2 மணியும் ஒன்றுபோல இருக்கும். கப்பல் ஒரு ஊரை நெருங்கும் காட்சியைப் பார்க்க ஆசைப்பட்டுப் போனவர், கப்பல் கரை கட்டிய பிறகுதான் கண் விழிப்பார்.

இதற்குப் பழைய பயணிகள் சொல்லும் வழி எளிமையானது. பல கப்பல்களில் அறை டிவியில் ஒரு சேனல், கப்பலின் முன்பக்கக் கேமரா காட்டும் காட்சியை ஓட்டிக்கொண்டே இருக்கும். இரவில் சத்தத்தைக் குறைத்து அதை ஆன் செய்துவிட்டால், பொழுது விடியும்போது அறையிலும் வெளிச்சம் வரும். ஜன்னல் மாதிரியே! நடு ராத்திரி பாத்ரூம் போகிறவர்களுக்கு பேட்டரியில் எரியும் சின்ன நைட் லேம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும்.

அடுத்தது ஆட்டம். கப்பல் ஆடும்போது நுனிகளும் மேல்தளங்களும்தான் அதிகம் ஆடும். கீழ்த்தளத்தில், நீளவாக்கில் நடுவில் இருக்கும் அறையில் ஆட்டம் குறைவு. அந்த இடத்தில் இன்சைடு அறைகள் நிறையவே கிடைக்கும். ஆனால் தலைசுற்றல் வந்துவிட்டால் தூரத்தில் தெரியும் தொடுவானத்தைப் பார்ப்பதுதான் கைவைத்தியம். அது அறைக்குள் கிடைக்காது, எழுந்து மேல்தளத்துக்கு வர வேண்டும்.

மூன்றாவது சத்தம். விலையைக் குறைக்க ‘கேரண்டி’ என்ற முறையில் அறை விற்பார்கள். இன்சைடு வகையில் ஒரு அறை நிச்சயம், எந்த அறை என்பதைக் கம்பெனி பிறகு சொல்லும். காசு குறைவு. ஆனால் தலைக்கு மேலே நீச்சல்குளத் தளம் இருக்கலாம். காலை 6 மணிக்கு நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். கீழே தியேட்டர் இருந்தால் ராத்திரி 11 மணி வரை பாட்டு. அறையை நாமே தேர்வு செய்வதாக இருந்தால், மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கும் தளமாகப் பார்த்து எடுப்பது புத்திசாலித்தனம்.

நல்ல செய்தியும் உண்டு. பிரதான உணவகம், பஃபே, நீச்சல்குளம், தியேட்டர் நிகழ்ச்சிகள் எல்லாமே இன்சைடு பயணிக்கும் அதேபோலத்தான் கிடைக்கும். ஸ்வீட் பயணிகளுக்கு மட்டும் என்று சில கப்பல்களில் ஒதுக்கப்பட்ட பகுதிகளைத் தவிர, ‘நீ எந்த அறை?’ என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஜன்னலின் அருமை தெரிந்த இரண்டு பயணங்கள்

எல்லாம் ஒழுங்காக நடக்கும் பயணத்தில் இன்சைடு அறையில் பெரிய குறை இல்லை. திட்டம் தவறும் நாளில்தான் ஜன்னல் என்றால் என்ன என்று புரியும்.

2013 பிப்ரவரி 10. மெக்சிகோ வளைகுடாவில் ‘கார்னிவல் ட்ரையம்ப்’ கப்பலின் என்ஜின் அறையில் தீ. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் மின்சாரம் போனது. கப்பலில் 4,200-க்கும் மேற்பட்டோர். ஏசி இல்லை, கழிவறைகள் வேலை செய்யவில்லை. உள் அறைகளில் கும்மிருட்டும் புழுக்கமும். மெத்தைகளை இழுத்துக்கொண்டு வந்து மேல்தளத்தில் படுக்கைவிரிப்பால் கூடாரம் கட்டித் தூங்கினார்கள் பயணிகள். இழுவைப் படகுகள் கப்பலை அமெரிக்காவின் மொபைல் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது பிப்ரவரி 14 இரவு.

2020 பிப்ரவரி. ஜப்பானின் யோகோஹாமாவில் ‘டயமண்ட் பிரின்சஸ்’. கொரோனா காரணமாக 3,711 பேரோடு கப்பல் தனிமைப்படுத்தப்பட்டது. பயணிகள் இரண்டு வாரம் அறையை விட்டு வெளியே வரக்கூடாது. பால்கனி அறையில் இருந்தவர்களுக்குக் காற்றாவது கிடைத்தது. இன்சைடு அறையில் இருந்தவர்களுக்கு நாலு சுவர்தான். அதனால் ஜன்னல் இல்லாத அறைக்காரர்களைப் பகுதி பகுதியாக, முகக்கவசத்தோடு, மேல்தளத்தில் சிறிது நேரம் நடக்க விட்டார்கள். பிறகு முதியவர்களை முன்கூட்டியே கரையிறக்க முடிவு செய்தபோது, 80 வயதைக் கடந்தவர்களில் நாட்பட்ட நோய் உள்ளவர்களோடு, ஜன்னல் இல்லாத அறையில் இருந்தவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்தது ஜப்பான் அரசு. ஜன்னல் இல்லாததை ஒரு உடல்நலக் காரணமாகவே ஒரு அரசு கணக்கில் எடுத்துக்கொண்டது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கப்பலில் 712 பேருக்குத் தொற்று உறுதியானது.

இவை அபூர்வமான சம்பவங்கள். இதற்குப் பயந்து பயணத்தையே கைவிட வேண்டியதில்லை. ஆனால் ஆஸ்துமா உள்ளவர், அடைத்த இடத்தில் படபடப்பு வருபவர், வயதானவர் ஆகியோருக்கு அறை எடுக்கும்போது இந்த இரண்டு பயணங்களையும் ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

ஆபத்து வந்தால் இன்சைடு அறைக்காரர் பின்தங்கிவிடுவாரா?

இல்லை. உயிர்காக்கும் படகில் இடம் அறையின் விலையைப் பார்த்துத் தரப்படுவதில்லை. ஒவ்வொரு அறைக்கும் ‘மஸ்டர் ஸ்டேஷன்’ எனப்படும் கூடுமிடம் ஒதுக்கப்பட்டிருக்கும். அங்கே போய்ச் சேர்ந்தால் போதும்.

2012 ஜனவரி 13-ல் இத்தாலியில் ‘கோஸ்டா கன்கார்டியா’ கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்ததில் 32 பேர் இறந்தனர். அன்று மாலை புதிதாக ஏறிய நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு அவசரகாலப் பயிற்சி அதுவரை நடக்கவே இல்லை. அதன் பிறகு சர்வதேச விதி திருத்தப்பட்டு, கப்பல் புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்துவது 2015 முதல் கட்டாயமானது.

இன்சைடு பயணிகள் இதை ‘சும்மா சடங்கு’ என்று தட்டிக்கழிக்கவே கூடாது. மின்சாரம் போனால் உங்கள் அறையில்தான் முதலில் இருட்டும். ஏறிய முதல் நாளே அறையில் இருந்து படிக்கட்டுக்கு எத்தனை கதவு என்று எண்ணிக்கொள்ளுங்கள். சின்ன டார்ச் தலைமாட்டில் இருக்கட்டும். அயர்ன் பாக்ஸ், எலக்ட்ரிக் கெட்டில், குக்கர், மெழுகுவர்த்தி, ஊதுபத்தி இதெல்லாம் பெட்டியில் இருந்தால் பெரும்பாலான கப்பல்களில் வாங்கி வைத்துவிடுவார்கள். கப்பலில் நெருப்புதான் பெரிய பயம்.

பயணிக்கு 4 இரவு... ஊழியருக்கு?

ஜன்னல் இல்லாத அறை பயணிகளுக்கு மட்டுமானது அல்ல. அறையைச் சுத்தம் செய்பவர், சமைப்பவர், பரிமாறுபவர் எனப் பெரும்பாலான ஊழியர்கள் கீழ்த்தளங்களில், ஜன்னல் இல்லாத, பங்கிட்டுக்கொள்ளும் அறைகளில்தான் தங்குகிறார்கள். அதுவும் பல மாதங்கள் தொடர்ச்சியாக. டயமண்ட் பிரின்சஸில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் ஊழியர்கள், 6 பேர்தான் பயணிகள். பயணிகள் அறைக்குள் இருந்த அந்த இரண்டு வாரமும் அவர்கள் கதவு கதவாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. செலவைக் குறைக்க வழி தேடும்போது சிலர் முதலில் கைவைப்பது டிப்ஸில்தான். சில கம்பெனிகளில் கவுன்டரில் கேட்டு அதை நீக்கிவிடவும் முடியும். ஆனால் அந்தப் பணத்தில் ஊழியர்களுக்கும் பங்கு இருக்கிறது. மிச்சம் பிடிக்க ஆயிரம் வழி இருக்கிறது, இந்த ஒன்று வேண்டாம்.

யாருக்கு சரி? யாருக்கு வேண்டாம்?

இன்சைடு எடுக்கலாம்: நண்பர்கள் கூட்டமாகப் போகிறவர்கள், தூங்க மட்டும் அறைக்கு வருபவர்கள், தனியாகப் போகிறவர்கள், 2 முதல் 4 இரவு வரையிலான குறுகிய பயணம், தினமும் ஒரு ஊரில் இறங்கும் பயணம்.

யோசிக்க வேண்டும்: ஒரு வாரத்துக்கு மேல் போகும் பயணம், கரை காணாத நாட்கள் அதிகம் உள்ள பயணம், கைக்குழந்தை இருக்கும் குடும்பம். குழந்தை பகலில் தூங்கும் இரண்டு மணி நேரமும் அம்மா இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும்.

தவிர்ப்பது நல்லது: அடைத்த இடம் என்றாலே பயப்படுபவர்கள், மூச்சுத்திணறல் உள்ளவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள். சாதாரண அறைகளின் கதவு குறுகல், பாத்ரூம் வாசலில் தடுப்பு உயரமாக இருக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அறைகள் இருக்கின்றன, புக் செய்யும்போதே அதைக் கேட்க வேண்டும். முதியவர்களை மடக்கு பெர்த்தில் ஏற்றும் யோசனையே வேண்டாம்.

பணம் கட்டும் முன் ஏஜென்டிடம் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. இந்த விலையில் வரியும் துறைமுகக் கட்டணமும் சேர்ந்திருக்கிறதா?
2. டிப்ஸ் ஒரு நாளைக்கு எவ்வளவு? இப்போதே கட்டலாமா, கப்பலில் பில்லில் வருமா?
3. அறை எண் இப்போதே கிடைக்குமா, ‘கேரண்டி’யா? என் அறைக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது?
4. கப்பல் எந்த ஆண்டு கட்டியது? அறை எத்தனை சதுர அடி?
5. சாப்பாட்டில் எந்த உணவகங்கள் இலவசம், எவை காசு? சைவத்துக்குத் தனி ஏற்பாடு உண்டா?
6. விசா எத்தனை தேவை? கப்பல் வேறு நாட்டுக்குப் போய்த் திரும்பும்போது, கிளம்பிய நாட்டுக்குள் மறுபடி நுழைய என் விசா அனுமதிக்குமா?

ஐந்தாவது நிமிடத்தில் செய்ய வேண்டிய ஒரு வேலையும் இருக்கிறது. கப்பல் கரையை விட்டதும் போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள். நடுக்கடலில் போன் தானாகப் பிடித்துக்கொள்வது கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கை. சாதாரண இன்டர்நேஷனல் ரோமிங் பேக் பெரும்பாலும் அங்கே செல்லாது. ஊர் திரும்பிய பிறகு வரும் பில்லைப் பார்த்துத்தான் பலருக்கு விஷயமே தெரியும்.

முடிவாக...

இன்சைடு கேபின் ஏமாற்று வேலை இல்லை. கடல் மேல் நாலு நாள் இருக்கும் ஆசையை, பால்கனி எடுக்க முடியாத ஒரு குடும்பத்துக்கும் எட்ட வைக்கும் கதவு அது. ஆனால் அந்தக் கதவைத் திறந்து வைத்திருப்பவர்கள், வெளியே நாம் செய்யப்போகும் செலவையும் கணக்கு போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். அதே கணக்கை நாமும் வீட்டில் உட்கார்ந்து போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையை எழுதி வையுங்கள். கப்பல் கார்டில் ஏறும் பில்லை தினமும் இரவு அறை டிவியிலோ கவுன்டரிலோ சரிபாருங்கள். காலையில் சீக்கிரம் எழுந்து மேல்தளத்துக்குப் போங்கள். அங்கே வரும் கடல் காற்றுக்கும் சூரிய உதயத்துக்கும் எந்த அறைக்காரருக்கும் பில் கிடையாது.